தூரைப் பார்த்துப் பேர் சொல்

அதியன்னூர்

அன்பு மக்களே,

நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. ஊட்டியிலிருந்து பைக்காரா போகிற ரோட்டில், சாண்டிநல்லா பக்கத்துச் சதுப்பு ஒன்றின் ஓரத்தில் எடுத்தது என்று எழுதியிருக்கிறாய். பொன்னிறத்தில் ஒரு கதிர், பின்னால் மூடுபனி, அதற்கும் பின்னால் கறுத்த தைலமரக் கூட்டம். படம் அழகாக இருக்கிறது. ஆனால் "சித்தப்பா, இது என்ன புல்?" என்று கேட்டதற்கு அதை வைத்துப் பதில் சொல்ல வழியில்லை. கதிரை எடுத்திருக்கிறாய், அது கிளம்பி வந்த தூரை எடுக்கவில்லை. நீலகிரியில் பொன்மயிர் வைத்த கதிர் விடுகிற புற்கள் பல. நிறத்தை நம்பினால் அத்தனைக்கும் ஒரே பேர்தான் வைக்க வேண்டி வரும்.

நீ மனசில் நினைத்திருப்பது எதுவென்று எனக்குத் தெரியும். தோடர்கள் தங்கள் கோயில் கூரையை வேய்கிற சதுப்புப்புல்; அவர்கள் மொழியில் அவ்ஃபுல். தாவரவியல் பேர் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரியீ. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. நீ இப்போது இருக்கிற நீலகிரியின் மேட்டுச் சதுப்புகள்தான் அதற்குச் சொந்த இடம். அந்தப் பேரினத்தைச் சேர்ந்த மற்ற புற்கள் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலும் இருக்கின்றன. நடுவில் இத்தனை கடலைத் தாண்டி, நம் பக்கத்து மலையில் இது ஒன்று மட்டும் நிற்கிறது. அப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்லுமுன் கொஞ்சம் சிரமப்பட்டே ஆகவேண்டும். எப்படிச் சிரமப்படுவது என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

புல்லைப் பார்க்கக் குனிவதற்கு முன் நீ நிற்கிற நிலத்தைப் பார். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே நீலகிரியின் நில அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். உருண்ட குன்றுகள், சரிவில் புல்வெளி, காற்றுக்கு ஒதுங்கிய மடிப்புகளில் சோலை, சரிவுகள் வந்து கூடுகிற தட்டையான அடியில் சதுப்பு. சரிவிலிருந்து இறங்கிச் சதுப்புக்குள் போக நாலு எட்டுப் போதும், அதற்குள் புல் மாறிவிடும். மேலே கால் உறுதியாக ஊன்றும் இடத்தில் நிற்கிற பொன்னிறப் புல் ஒன்று. கீழே செருப்பு அமுங்கும் இடத்தில் நிற்கிற பொன்னிறப் புல் வேறொன்று. உன் நோட்டில் முதல் வரி கதிரைப் பற்றியதாக இருக்க வேண்டாம். கால் எவ்வளவு அமுங்கியது, எடுத்த காலடியில் தண்ணீர் ஊறி நின்றதா, மண் கறுப்பா சிவப்பா, பக்கத்தில் வேறு என்னென்ன நின்றன என்று எழுது. உருண்டை வெள்ளைத் தலை வைத்த எரியோகாலான் செடிகளும், இலைமயிரில் பசைத்துளி வைத்துப் பூச்சி பிடிக்கிற டிரோசெராவும் கண்ணில் பட்டால் சரியான சதுப்பில்தான் நிற்கிறாய்.

அந்தக் கறுப்பு மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. குளிரும் தேங்கிய நீரும் சேர்ந்தால் செத்த புல் முழுக்க மக்காது. வருடாவருடம் அடுக்கடுக்காய்ப் படிந்து கரிமண் ஆகும், பீட் என்கிறார்கள். நீலகிரிச் சதுப்புகளின் பீட்டைத் தோண்டி எடுத்து, அதிலிருக்கும் கார்பன் வகைகளை அளந்து, ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலியோர் 1993-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். செடிகள் ஒளிச்சேர்க்கை செய்கிற வழி எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. மரங்களும் நெல்லும் ஒரு வழி. கரும்பு, சோளம், ராமச்சம் (வெட்டிவேர்) வகைப் புற்கள் இன்னொரு வழி. இரண்டும் பீட்டில் வெவ்வேறு தடயத்தை விட்டுப்போகும். அந்தத் தடயத்தைப் படித்தபோது, சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன்பு பனியுகம் உச்சத்தில் இருந்த வறண்ட காலத்தில், அங்கே கரும்பு வகைப் புற்கள் ஓங்கி நின்றது தெரியவந்தது. ஊட்டிப் புல்வெளி என்பது காட்டை வெட்டி உண்டானது, மரம் வைத்தால் சரியாகிவிடும் என்று இன்றைக்கும் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் காட்ட வேண்டியது இந்தக் கறுப்பு மண்ணைத்தான். நீ தேடுகிற புல்லும் கரும்பு வகைதான். அது எப்படித் தெரியும் என்பது கதிரைப் பிரிக்கும்போது விளங்கும்.

அடுத்த கேள்வி, அது புல்தானா? சிரிக்காதே. சதுப்பில் நிற்கிற புல் மாதிரியான செடிகளில் பாதிக்குப் பாதி புல்லே அல்ல. நம்ம ஏலாவில், அதாவது வயலில், கோரை பிடுங்கியிருக்கிறாயே. தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தால் மூன்று விளிம்பு தட்டும்; உருளாது. கணு கிடையாது, உள்ளே நிறைந்திருக்கும். இலைகள் மூன்று திசையில் கிளம்பும். இலையின் அடிப்பகுதி தண்டைச் சுற்றி மூடிய குழாயாக இருக்கும். நெல்லை எடுத்தால் தண்டு உருண்டை; கைக்குத் தட்டுப்படுகிற கணு; கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே பொள்ளல்; இலைகள் எதிரும் புதிருமாக இரண்டே வரிசை; இலையுறை ஒரு பக்கம் திறந்து கிடக்கும். கரும்பும் சோளமும் உள்ளே நிறைந்திருக்கின்றனவே என்று கேட்பாய். ஆமாம், அதனால் பொள்ளலை மட்டும் வைத்து முடிவு செய்யாதே, கணுவைப் பார். ஊட்டிச் சதுப்பில் கோரைக் குடும்பம் ஏராளம். கூடவே ஜங்கஸ் என்ற ஒன்று நிற்கும்; தண்டு உருண்டைதான், ஆனால் பூவை லென்ஸில் பார்த்தால் ஆறு குட்டி இதழ்கள் தெரியும். புல்லின் பூவில் இதழே கிடையாது.

புல்தான் என்று உறுதியானதும், இலையும் உறையும் சேரும் மடக்கைப் பிரித்துப் பார். அங்கே ஒரு சவ்வோ மயிர்வரிசையோ இருக்கும். புத்தகத்தில் லிக்யூல் என்று போட்டிருக்கும். இதற்கு நம் ஊர்க் களை பறிக்கும் அக்காமாரை விட நல்ல வாத்தியார் கிடையாது. நாற்று இளசாக இருக்கும்போது நெல்லும் குதிரைவாலிக் களையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அவர்கள் இலையை லேசாக வளைத்து மடக்கைப் பார்ப்பார்கள். நெல்லில் வெள்ளைச் சவ்வு நீண்டு நிற்கும். களையில் அந்த இடம் மொட்டை. பூவும் கதிரும் வருவதற்கு முன்பே பேர் சொல்லிவிடுகிற வித்தை அது. உனக்குப் படிப்பில் வரும் அடையாளங்களில் இது வருடம் முழுக்கக் கைகொடுக்கும். சதுப்பில் நீ பார்க்கிற ஒவ்வொரு புல்லுக்கும் அந்த மடக்கைப் படம் வரைந்து வை. படம் எடுத்தால் போதாது, வரை. வரையும்போதுதான் சவ்வின் ஓரம் கிழிந்திருக்கிறதா, மயிர் வைத்திருக்கிறதா என்று கண் கேட்கும்.

இனி தூர். நம் வீட்டு முற்றத்தில் அறுகும் கிணற்றங்கரையில் ராமச்சமும் நிற்கின்றன. தமிழ்நாட்டில் வெட்டிவேர் என்றால்தான் புரியும். அறுகு தரையோடு ஓடும். எங்கே ஒரு செடி முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ராமச்சம் நின்ற இடத்தை விட்டு நகராது, வருடத்துக்கு வருடம் தூர் பெருக்கும். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், புது முளை கிளம்புகிற விதத்தில். ஓடுகிற புல்லில் முளை பழைய இலையுறையைக் குத்திக் கிழித்துப் பக்கவாட்டில் வெளியே வரும். தூர்கட்டும் புல்லில் முளை உறைக்கு உள்ளேயே நிமிர்ந்து வளர்ந்து, தாய்த்தண்டை ஒட்டிக்கொண்டே மேலே வரும். அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. அடியில் பழைய உறைகள் கட்டுக்கட்டாய் நெருங்கி நிற்பதற்குக் காரணம் அதுதான். அடிப்பகுதியில் ஒரே ஒரு முளையைப் பிரித்துப் பார், உறையைக் கிழித்து வந்ததா, உள்ளிருந்தே எழுந்ததா என்று லென்ஸ் இல்லாமலே தெரிந்துவிடும்.

ஒரே பேரினத்துக்குள் இரண்டு பழக்கமும் வரும் என்பதை மறக்காதே. பள்ளிக்கூடத்து மைதானத்தில் நடந்தால் பாவாடை விளிம்பில் தைத்துக்கொள்ளுமே ஒட்டுப்புல், அது கிரைசோபோகன் பேரினம், தரையோடு ஓடும். நீலகிரிச் சரிவுகளிலும் இரவிகுளத்திலும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் பெரிய தூராக நிற்கிற கிரைசோபோகன் நோடுலிபார்பிஸ் அதே பேரினம், ஓடாது. கிணற்றங்கரை ராமச்சத்தையும் இப்போது அந்தப் பேரினத்தில்தான் வைக்கிறார்கள்.

மலை உயரத்தில் இத்தனை புற்கள் தூர் கட்டுவதற்குக் காரணம் உண்டு. டிசம்பர், ஜனவரியில் அங்கே உறைபனி விழும். இலை நுனி கருகும். அதற்கடுத்த மாதங்களில் காய்ந்த புல்லில் தீ ஓடும். இரண்டும் மேலே இருப்பதைத்தான் கொண்டுபோகும். வளரும் முளைகள் பழைய உறைகளின் நெருக்கத்துக்குள், தரையை ஒட்டி, பத்திரமாக இருக்கும். மழை விழுந்ததும் பச்சை வந்துவிடும். சதுப்பில் இன்னொரு சௌகரியம், தூர் உயர உயரப் புல் தண்ணீருக்கு மேலே ஏறி நிற்கும். வேர் மூழ்கிக் கிடந்தாலும் அழுகாமல் இருக்க, நெல்வேரில் இருப்பதுபோல உள்ளே காற்றுக்குழல்கள் இருப்பது சதுப்புப் புற்களுக்கு வழக்கம்.

பல்லாண்டுப் புல்லா, ஒரு பருவத்துப் புல்லா? தூரின் அடியில் போன வருடத்துக் காய்ந்த தண்டுகள் மிச்சம் நிற்கிறதா பார். கதிர் விடாத வெறும் இலைக்கற்றைகள் நடுவே இருக்கிறதா பார். இரண்டும் இருந்தால் பல்லாண்டு. ஒரு பருவத்துப் புல் தன்னிடம் இருக்கிற எல்லாத் தண்டையும் கதிராக்கிவிட்டுச் சாகும், பிடித்து இழுத்தால் வேரோடு சுலபமாக வரும். இழுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. கடைசியில் வருகிறேன் அதற்கு.

இங்கேதான் பலர் கோட்டைவிடுவார்கள். ஈரப் புல்வெளி, தூர் கட்டியிருக்கிறது, பல்லாண்டு. ஆகவே மண்ணின் சொந்தப் புல் என்று எழுதிவிடுவார்கள். மூன்றும் சரியாக இருந்து, புல் ஐரோப்பாவிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ஹோல்கஸ் லனேட்டஸ் அப்படிப்பட்டது. நீலகிரியில் ஈரமான இடங்களில் நன்றாகக் குடியேறிவிட்டது. தூர் கட்டும், பல வருடம் வாழும், கதிர் வெளுத்த இளஞ்சிவப்பில் மெத்தென்று இருக்கும். அதைப் பிடிக்க வழி அடியில்தான் இருக்கிறது. இலையைத் தடவினால் முழுக்க வெல்வெட்டு. அடியுறை வெள்ளையாக, அதில் இளஞ்சிவப்பு நரம்புகள் நீளவாக்கில் ஓடும். ஆந்தாக்சாந்தம் என்று இன்னொரு ஐரோப்பியப் புல். கசக்கினால் புது வைக்கோல் வாசனை, இனிப்பாக வரும். கிக்குயூ புல் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்திலிருந்து வந்தது, அது தூர் கட்டாது, தரையை மெத்தையாக மூடி ஓடும்; தூர்கட்டும் புல்லின் அடியில்கூட நுழைந்து மூச்சு முட்டவைக்கும். வெள்ளைக்காரர்களுக்கு ஊட்டி சொந்த ஊர் மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசை. மரம், பூ, முள்ளுப்புதர் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள், புல்லும் கூடவே வந்தது. 1840-களில் வந்த தைலமரமும், அவர்களே கொண்டுவந்த வாட்டில் மரமும் செய்த வேலையை உன் படத்தின் பின்னணியிலேயே பார்க்கலாம்.

அவர்கள் ஊரிலும் இதே பாடம்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் ராக்கி மலைகளிலும் ஈரப் புல்வெளிக்குப் பேர்போன தூர்ப்புல் டெஷாம்ப்சியா செஸ்பிடோசா. கதிர் விரிந்து வெள்ளியும் ஊதாவுமாக மின்னும். ஆனால் அதை அறிந்தவர்கள் கதிருக்காகக் காத்திருப்பதில்லை. இலையை நுனியிலிருந்து அடி நோக்கி உருவினால் விரலை அறுக்கிற சொரசொரப்பு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வரம்புகளுக்கு நடுவே ஒளி ஊடுருவும் கோடுகள். மடக்கில் நீண்ட கூர்மையான சவ்வு. இந்த மூன்றையும் வைத்தே பேர் சொல்லிவிடுவார்கள். புத்தகத்தில் அதன் படத்தைப் பார்த்துவிட்டு அதைச் சாண்டிநல்லாவில் தேடாதே. நமக்கு நம் சதுப்பில் இருப்பது போதும்.

சரி, இவ்வளவும் பார்த்தாயிற்று. சதுப்பின் ஈரத்தில், தூர் கட்டி, பல்லாண்டாக நிற்கிற, வந்தேறி அல்லாத ஒரு புல் உன் முன்னால் இருக்கிறது. கதிரும் பொன்பழுப்பு மயிருமாக வந்திருக்கிறது. இப்போது கதிரைப் பிரிக்கலாம்.

தூரத்திலிருந்தே சிலதைக் கழித்துவிடலாம். கதிர், ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் விரல்களாக நாலைந்து கிளை விட்டு, பொன்மயிரோடு வால்களும் நீட்டியிருந்தால் அது யூலாலியா. நெல்லின் நுனியில் நீள்வதை நாம் வால் என்போமே, அதையே சொல்கிறேன். கதிர் தளர்ந்து விரிந்து, மெல்லிய காம்புகளின் நுனியில் மூன்று மூன்றாகச் சிறுகதிர் தொங்கினால் கிரைசோபோகன். ஒன்று காம்பில்லாதது, இரண்டு காம்புள்ளவை. உன் பாவாடையில் தைத்த ஒட்டுப்புல்லை ஒருநாள் பிய்த்துப் பார், அந்த மூன்றும் அங்கேயே இருக்கும். கதிர் வெள்ளைப் பட்டாக நெருங்கி நின்று, அடியில் தூருக்குப் பதில் கூர்மையான வேர்த்தண்டு மண்ணுக்குள் ஓடினால் அது தர்ப்பை என்று நாம் சொல்கிற இம்பெரேட்டா.

எரியோகிரைசிஸின் கதிர் இந்த எதிலும் சேராது. கிளைகள் இருக்கும், ஆனால் விரிந்து நிற்காது. தண்டோடு நெருங்கி, அடர்ந்து, ஒரே கட்டாகத் தெரியும். பொன்பழுப்பு மயிர் அந்தக் கட்டை மூடியிருக்கும். வால் கிடையாது. லென்ஸை எடுத்துக்கொள், நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கிற பத்து மடங்கு லென்ஸ் போதும், பெரிய விலையில்லை. முதிர்ந்த கதிரிலிருந்து நகத்தால் ஒரு துணுக்கை நெருடி எடுத்து உள்ளங்கையில் வை. மயிரை ஊசியால் ஒதுக்கு. ஒரு துண்டில் மூன்று பொருள் ஒட்டியிருக்கும்: காம்பில்லாத சிறுகதிர் ஒன்று; அதன் பக்கத்தில் குட்டிக் காம்பின் மேல் இன்னொரு சிறுகதிர்; கூடவே கதிர்க்காம்பின் ஒரு கணுத்துண்டு. முதிர்ந்ததும் கதிர்க்காம்பே கணுக்கணுவாய் ஒடிந்து, சிறுகதிரையும் கூட்டிக்கொண்டு விழும். கரும்பு, சோளம், ராமச்சம், எலுமிச்சைப்புல் எல்லாம் சேர்ந்த பெருங்கூட்டத்தின் குணம் இந்த ஜோடி. முன்னே கரும்பு வகை என்றேனே, இதனால்தான்.

இனி அந்த ஜோடியை ஒன்றோடொன்று ஒப்பிடு. கரும்பிலும் அதன் காட்டு உறவான பேய்க்கரும்பிலும் இரண்டு சிறுகதிரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். தர்ப்பையில் இரண்டுக்குமே காம்பு உண்டு. ஒன்று நீளம், ஒன்று குட்டை. எரியோகிரைசிஸில் காம்பில்லாதது பெரியது, அதில் மகரந்தப்பையும் சூலகமும் இரண்டும் இருக்கும். காம்புள்ளது சிறியது, அதில் சூலகம் மட்டும்தான். பூக்கிற நேரத்தில் போனால் கண்ணாலேயே பார்க்கலாம், ஒன்றில் மட்டும் மகரந்தப்பைகள் தொங்கும், இரண்டிலும் சூல்முடி நீளும். புல் குடும்பத்தில் இந்தக் கூட்டத்தில் காம்புள்ள சிறுகதிர் ஆணாகவோ மலடாகவோ இருப்பதுதான் சாதாரணம். பெண்ணாக இருப்பது அபூர்வம். அதைக் கண்டால் உன் நோட்டில் அடிக்கோடு போடலாம்.

இப்படிப் பிரித்துப் பார்க்கிற பழக்கத்தை நம் பக்கத்தில் ஊன்றியவர்களில் ஒருவர் பேர்தான் அந்தப் புல்லின் பேரில் ஒட்டியிருக்கிறது. ராய் பகதூர் கே. ரங்காச்சாரியார், கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். தடுலிங்க முதலியார் துணையோடு 1921-இல் தென்னிந்தியப் புற்களுக்கு ஒரு கைப்புத்தகம் போட்டார். சமவெளிப் புற்கள்தான் அதில் பெரும்பாலும். ஆனால் ஒரு சிறுகதிரை எப்படி அக்கக்காகப் பிரித்து வரைவது என்று கற்க அதைவிடத் தெளிவான புத்தகம் எனக்குத் தெரியாது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஒவ்வொரு படத்தையும் பார்த்து வரை. சதுப்புப்புல்லுக்கு அவர் பேரைச் சூட்டியவர் சி.இ.சி. ஃபிஷர், கேம்பிள் தொடங்கி, முடிக்குமுன் இறந்துவிட்டதால், சென்னை மாகாணத் தாவரநூலை எழுதி முடித்தவர். மேலே போகப்போக உனக்கு என்.எல். போர் 1960-இல் எழுதிய பெரிய நூல் வேண்டியிருக்கும். கேரளப் புற்களுக்கு ஸ்ரீகுமாரும் வி.ஜே. நாயரும் எழுதியது 1991-இல் வந்தது. தமிழ்நாட்டுக்குக் கபீரும் அதே நாயரும் எழுதியது 2009-இல். கல்லூரி நூலகத்தில் கேள். இவற்றில் பேர் கண்டுபிடிக்க இருக்கிற திறவுகோல்கள் கதிரிலிருந்துதான் தொடங்கும், அது எழுதுகிறவர்களின் சௌகரியம். உலர்ந்த மாதிரியை மேசையில் வைத்துக்கொண்டு எழுதுகிறவருக்குச் சதுப்பில் கால் அமுங்குவது தெரியாது. நீ அடியிலிருந்து பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, பிறகு திறவுகோலுக்குப் போ.

தோடர்களைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிதான் இருந்தது. அவர்கள் வீடும் கோயிலும் அரைப்பீப்பாய் வடிவத்தில் வளைந்து தரையைத் தொடும், வாசல் குனிந்து தவழ்ந்து நுழைகிற அளவுதான் இருக்கும் என்று படத்திலாவது பார்த்திருப்பாய். ஊட்டியிலேயே முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்பில் கூம்பு வடிவக் கோயிலும் இருக்கிறது. மூங்கில், பிரம்பு, புல் இவைதான் கட்டுமானம். வீடுகள் பெரும்பாலும் ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் மாறிவிட்டன. கோயிலுக்கு அது நடக்காது, மறுபடி வேயும்போது அந்தப் புல்தான் வேண்டும். புல் வேண்டுமென்றால் சதுப்பு வேண்டும். சதுப்புகளோ வடிகால் வெட்டி உருளைக்கிழங்கும் கேரட்டும் தேயிலையும் ஆயின. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி போன்ற நீர்த்தேக்கங்களின் அடியில் மலைப்பள்ளத்தாக்குகள் மூழ்கின. மிச்சம் நின்ற புல்வெளியில் வாட்டில் ஏறியது. பழனி மலையில் நாற்பது வருடத்தில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018-இல் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்குச் சொன்னார்கள். கோயிலுக்குப் புல் அறுக்க வேண்டியவர்கள் இப்போது அது நிற்கிற இடத்தைத் தேடிக்கொண்டு தூரம் போகவேண்டியிருக்கிறது. நம்ம அதியன்னூர் பக்கத்து ஏலாக்களில் நெல் போய் வாழையும் மரச்சீனியும் ரப்பரும் வந்தது உனக்குத் தெரியும். கோரைப்பாய் முடைய இங்கே கோரை அறுக்கப் போன இடங்களும் அப்படித்தான் போயின.

அதனால் நீ போய்க் கேட்க வேண்டிய முதல் ஆள் புத்தகத்தில் இல்லை. பக்கத்து மந்தில் பெரியவர் யாராவது இருந்தால், மரியாதையாக, சாவகாசமாகக் கேள். கோயிலுக்குப் பக்கம் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகாதே. அவர்களுக்கென்று முறைகள் உண்டு, பெண்கள் எதுவரை போகலாம் என்பதும் அதில் சேரும். உனக்கு அது பிடிக்காமல் இருக்கலாம். புல்லைப் பற்றிக் கேட்கப் போன இடத்தில் அந்தச் சண்டை வேண்டாம். எந்தச் சதுப்பில் நிற்கிறது என்று அவர்கள் சொன்னால் அந்த இடத்தின் பேரை இணையத்தில் போடாதே.

நம்ம பக்கத்துப் பொன்முடிக்குக் கூட்டிப்போய்க் காட்டக் கூடாதா என்று கேட்டிருந்தாய். அங்கே புல்வெளி உண்டு, ஆனால் உயரம் ஆயிரத்து நூறு மீட்டர்தான். ஊட்டியின் குளிரும் பீட்டும் அங்கே இல்லை. தூரும் ஓட்டமும் பிரித்துப் பார்க்கப் பழகலாம், அவ்ஃபுல் தேட முடியாது.

கடைசியாக, இழுத்துப் பார்க்கிற விஷயம். இழுக்காதே. தூர் ஒன்று பெருக எத்தனையோ வருடம் ஆகும். உன் சந்தேகம் தீர அது சாகவேண்டாம். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள்ளோ காப்புக்காட்டுக்குள்ளோ அனுமதி இல்லாமல் ஒரு இலைகூடப் பறிக்கக் கூடாது, அது சட்டம். அனுமதி கல்லூரி வழியாக வனத்துறையிடம் எழுத்தில் வாங்க வேண்டும். துறைத்தலைவரிடம் இப்போதே சொல்லி வை, ஆகி வர மாதங்கள் ஆகும். அதுவரை படம் போதும். தூர் முழுவதும் தெரிய ஒன்று, பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேல் வைத்து, அடியுறைகளை நெருங்கி ஒன்று, கணு ஒன்று, இலைமடக்கு ஒன்று, கதிர் முழுவதும் ஒன்று, கீழே தானாக உதிர்ந்து கிடக்கிற சிறுகதிர் ஜோடியை உள்ளங்கையில் வைத்து ஒன்று. உதிர்ந்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டு வா, விதையாக இருந்தால் அதன் இடம் அதுதான்.

படங்களையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த விடுமுறைக்குக் கோயம்புத்தூர் வழியாக வா. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பழைய சென்னை மாகாணத்து உலர்தாவரத் தொகுப்பு அங்கேதான். கல்லூரிக் கடிதம் இருந்தால் மாதிரிகளைப் பார்க்க விடுவார்கள். மாதிரி ஒட்டிய ரங்காச்சாரியீ தாளையும் யூலாலியா தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, உன் லென்ஸில் பார். தாளில் மயிரின் பொன்னிறம் மங்கியிருக்கும். காம்பில்லாததும் காம்புள்ளதும் மங்காது.

உன் அப்பா நேற்று பாறசாலைச் சந்தையிலிருந்து மரச்சீனி வாங்கி வந்தார். உன் அம்மைக்கு முட்டுவலி தேவலை. ஊட்டிக் குளிருக்கு உள்பனியன் வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

அன்புடன்,
சித்தப்பா